செனவாங் வேனில் மாலி இளவரசி

திங்கட்கிழமை என்றால் மஞ்சள். அதில் பேச்சுக்கே இடமில்லை. சயாம் அரண்மனையில் திங்களன்று மஞ்சள் பட்டு, செவ்வாய்க்கு இளஞ்சிவப்பு, புதனுக்குப் பச்சை, வெள்ளிக்கு நீலம் என்று நாளுக்கொரு நிறம் உண்டென்பது, மலேசியாவில் கெலாமா தோட்டத்திலிருந்து செனவாங் போகும் கம்பெனி வேனில் ஏறுகிற அத்தனை பெண்களுக்கும் மனப்பாடம். சொல்லிக்கொடுத்தவள் பெர்னதெத். காலையில் வேன் கதவை இழுத்துச் சாத்தியதும், முதல் பெஞ்சில் உட்கார்ந்து, டிரைவர் திருநாவுக்கரசுக்கு முதுகைக் காட்டிப் பின்பக்கமாகத் திரும்பி அவள் ஆரம்பித்துவிடுவாள். மாலி இளவரசி எழுந்தாளா, என்ன உடுத்தினாள், யார்மேல் கோபம், ராணியம்மாவின் முகம் இன்றைக்கு எப்படி இருந்தது. வேன் மம்பாவ் தாண்டி, ரஹாங் தாண்டி, கையுறைத் தொழிற்சாலையின் வாசலில் நிற்கிறவரைக்கும் இதே பேச்சுதான்.

மாலி ஒரு சயாம் தொடர்நாடகத்தில் வருகிறவள். நாடகம் வாரத்தில் இரண்டு நாள்தான் வரும். பெர்னதெத் அதைப் போனில் பார்த்துவிட்டு வந்து வாரம் முழுக்க இழுப்பாள். அவள் சொல்லும்போது ஒரு பெரிய மதில் எழும்பும். மதிலுக்குள் ஓர் ஊரே இருக்கும். அந்த ஊரில் முழுக்கப் பெண்கள்தான். வாசலில் கம்பு பிடித்து நிற்கிற காவல்கூடப் பெண்கள்தான். ராஜாவைத் தவிர மீசை முளைத்த ஆம்பளை எவனும் உள்ளே காலெடுத்து வைக்க முடியாது. வாசற்படியை மிதிக்கக்கூடாது, தாண்டித்தான் போகவேண்டும். ராணியம்மா உட்கார்ந்திருக்கும்போது எதிரே நிமிர்ந்து நடக்கக்கூடாது, முட்டிபோட்டு நகர்ந்துதான் போகவேண்டும்.

அங்கே மாலிக்கு ஒரு வேலை உண்டு. ராணியம்மாவின் துணிகளுக்கு வாசனை ஏற்றுவது. மூடிபோட்ட பெரிய ஜாடிக்குள் துணியை அடுக்கி, ஊடே மல்லிகைப் பூவைப் போட்டு, வாசனை மெழுகுவத்தியைக் கொளுத்தி அணைத்து, அந்தப் புகையோடு சேர்த்து மூடிவிடுவாள். மறுநாள் திறந்தால் அறையே மணக்கும். ராஜா வீட்டுப் பெண்ணுக்கு என்னத்துக்கு இந்த வேலை என்று மோகனா ஒருநாள் கேட்டாள். இந்த வேலையும் இல்லையென்றால் அவ்வளவு பெரிய மதிலுக்குள் அவளை யார் தேடுவார்கள் என்று பெர்னதெத் திருப்பிக் கேட்டாள்.

இந்த மோகனா பக்கத்து லயத்து வீட்டுக்காரி. வேனில் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்கிறவள். கதை நல்ல இடத்தில் நிற்கும் நாளில், பசியாறக் கொண்டுவந்த வடையில் ஒன்றை எடுத்து பெர்னதெத்தின் கையில் வைப்பாள். மற்ற நாளில் வைக்கமாட்டாள். அதனால் அந்த வடைக்கு ஒரு மதிப்பு இருந்தது.

பெர்னதெத் யார் என்று சொல்லாமல் மேலே போகமுடியாது. கெலாமா தோட்டத்திலேயே பிறந்தவள், அங்கேயே ரப்பர்ப் பால்மரம் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்ததைப் பார்த்தவள். பொறாமைக்காரி. இதை யாரும் புறம் பேசுவதாக நினைக்கவேண்டாம், கேட்டால் அவளே சொல்வாள். தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணியின் மகள் காலில் வெள்ளைச் சப்பாத்தைப் பார்த்துவிட்டு வந்து சோறு வேண்டாம் என்று கிடந்தவள். தோட்டத்துக் கோவிலில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு றெக்கை கட்டுகிற சம்மனசு வேஷம் தங்கைக்குப் போனதும் காய்ச்சலே வந்து படுத்தவள். அந்தக் காய்ச்சலுக்குத் தோட்டத்து டிரெஸ்ஸர் மாத்திரை கொடுத்தார், பாவம், அவருக்கு என்ன தெரியும்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் சயாமில் ஹாட்யாய்க்குப் போனாள். அங்கே மீரா சாஹிப் என்பவர் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அவருடைய சமையல் கட்டில் வேலை. அவர் மனைவி ஜாஹிதா அவளைத் தங்கமாக வைத்துக்கொண்டாள். அதிலும் பெர்னதெத் ஒரு குறை கண்டுபிடித்தாள்: எவ்வளவு வெயிலில் போய்வந்தாலும் ஜாஹிதாவின் முகம் மட்டும் ஏன் கறுப்பதில்லை? கடையில் பாத்திரம் துலக்கியவர்கள், காய் நறுக்கியவர்கள், கூடையில் மீன் கொண்டுவந்தவர்கள் எல்லாரும் சயாம்காரிகள். அவர்களோடு சண்டை போட்டுச் சண்டை போட்டே அவர்களின் பாஷையைக் கற்றுக்கொண்டாள். சில வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பி, செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிற ராயப்பனைக் கட்டிக்கொண்டாள்.

ராயப்பன் நல்ல மனுஷன். ஆனால் அவள் பேச ஆரம்பித்தால் 'ம்' என்பார், அந்த 'ம்'முக்குப் பிறகு ஒன்றும் இருக்காது. ஒரே மகன் பிரெண்டன் சிங்கப்பூரில். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். சாப்பிட்டியாம்மா, மருந்து போட்டியாம்மா, வைக்கிறேம்மா. தொழிற்சாலையிலோ வாயில் முகமூடி, கண்ணுக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும் கையுறை. பேசினால் சூப்பர்வைசர் முறைப்பான். ஆக, அந்த வேனை விட்டால், பெர்னதெத் சொல்வதை இன்னொரு ஜீவன் காது கொடுத்துக் கேட்கிற இடம் அவளுக்கு எங்கேயும் கிடையாது.

அந்த வேனிலும் முதலில் அவள் கடைசி பெஞ்சுதான். மோகனாவின் மகள் மலாக்காவில் டாக்டருக்குப் படிக்கிறாள். பின்னால் உட்காரும் புனிதா தாமான் குடியிருப்பில் மூலை வீடு வாங்கிவிட்டாள். இன்னொருத்திக்குப் பேரன் பிறந்துவிட்டான். சொல்ல ஒன்றும் இல்லாத பெர்னதெத் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வெந்துகொண்டிருந்தாள். ஒருநாள் மம்பாவில் ஒரு லாரி கவிழ்ந்து, வேன் நகராமல் கிடந்தது. பேச்செல்லாம் தீர்ந்து எல்லாரும் கொட்டாவி விட்டபோது, நேற்று ஒரு சயாம் நாடகம் பார்த்தேன் என்று அவள் வாய் திறந்தாள். லாரியைத் தூக்கி ஓரம் போட்டு ரோட்டைத் திறந்தபோது, அதற்குள் ஏன் திறந்தார்கள் என்று மோகனா அலுத்துக்கொண்டாள். மறுநாளே பெர்னதெத்துக்கு முதல் பெஞ்சு கிடைத்தது.

இதில் ஒரு ரகசியம் இருந்தது. ஹாட்யாயில் அவள் கற்றது அடுப்படிப் பாஷை. நாடகத்தில் வேலைக்காரிகள் பேசினால் ஒரு சொல் தப்பாமல் புரியும். அவர்கள் வாய்க்குள் முணுமுணுக்கிற வசவுகூடப் புரியும். ஆனால் ராஜாவும் ராணியும் இளவரசியும் வாய் திறந்தால் போச்சு. சாப்பிடுவதற்கு, தூங்குவதற்கு, கைக்கு, கண்ணுக்கு, எல்லாவற்றுக்கும் அரண்மனையில் தனிப் பேச்சாம். மீரா சாஹிப் கடையில் மீன் கழுவியவளுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? அவர்கள் முகத்தைப் பார்த்து, இன்னதுதான் சொல்லியிருப்பார்கள் என்று பெர்னதெத் அவளாகவே வைத்துக்கொள்வாள். மாலியின் வாயில் அவள் போட்ட பேச்செல்லாம் அவள் சொந்தப் பேச்சு. இது வேனில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் மறுபடியும் கடைசி பெஞ்சுதான் என்று அவள் நம்பினாள்.

அந்த நேரம் பார்த்து ஜோஆன் வந்து சேர்ந்தாள்.

தோட்டத்து நிலத்தில் ஒரு பகுதியை விற்றுத் தாமான் கட்டினார்கள் அல்லவா, அங்கே இருக்கிற பெண். கோலாலம்பூரில் ஆபீஸ் வேலை பார்த்தவள். அம்மாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டதால் வேலையை விட்டுவிட்டு வந்து, இதே தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரிவில் சேர்ந்திருந்தாள். வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து, சிரித்தால் அது முதலில் தெரியும். திருநாவுக்கரசு அவளைத் தாமான் முனையில் ஏற்றினார். வேனில் மிச்சம் இருந்த இடம் முதல் பெஞ்சில், பெர்னதெத்துக்குப் பக்கத்தில்.

வந்த புதிதில் அவள் வாய் திறக்கவில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். பரவாயில்லை, மரியாதை தெரிந்த பெண் என்று பெர்னதெத்கூட நினைத்தாள். அடுத்த வாரம் அந்த நினைப்பில் மண் விழுந்தது. மாலி வாசனை ஏற்றிய சேலையை முகர்ந்து பார்த்துவிட்டு ராணியம்மா கண் சிவந்து கத்தினாள், துணியைக் கருக்கிவிட்டாயே என்று விரட்டினாள் என்று பெர்னதெத் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜோஆன் மெதுவாக நடுவில் வந்தாள்.

"ஆன்ட்டி, ராணி திட்டல. 'செத்துப்போன உங்கம்மா கை மணம் இதுல இருக்கு'ன்னு சொல்லி அழுதாங்க."

வேன் முழுக்க ஒரு 'ஐயோ' எழுந்தது. பெர்னதெத் ஒருநாளும் வாங்காத 'ஐயோ' அது. ஜோஆன் வேறொரு செயலியில் திரைக்குக் கீழே ஓடும் ஆங்கில எழுத்தோடு அதே நாடகத்தைப் பார்க்கிறாளாம், ராணி சொன்னதை அப்படியே போட்டிருந்தார்களாம். மோகனா இடத்தைவிட்டு நகர்ந்து ஜோஆன் பக்கம் சாய்ந்து, இன்னும் என்னென்ன சொன்னாள் ராணி என்று கேட்டாள். அன்றைக்கு வடை ஜோஆனின் கைக்குப் போனது.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஐம்பதைத் தாண்டிய ஒருத்தி, மகன் கல்யாணத்துக்கு நிற்கிற வயதில், ஒரு வடைக்காக நாள் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலை செய்தாள். கையுறைகளை அடுக்க அடுக்க வயிறு எரிந்தது. அந்தப் பெண்ணுக்கு என்ன குறை? படிப்பு இருக்கிறது, டைல்ஸ் போட்ட வீடு இருக்கிறது, கோலாலம்பூரில் நாலு பேரைத் தெரியும். அவளுக்கு எதற்கு என் மாலி?

அதற்குப் பிறகு ஒரு புதுப் பழக்கம் வந்தது. பெர்னதெத் எதைச் சொன்னாலும், எல்லாத் தலையும் ஒருமுறை ஜோஆன் பக்கம் திரும்பும். அப்படியா ஜோஆன்? ஜோஆன் தலையாட்டினால்தான் அது கதை. அவள் உதட்டைப் பிதுக்கினால் பெர்னதெத்துக்கு மூச்சு நின்றுபோகும். இவளுக்குச் சயாம் பாஷையே தெரியாது, பாதி இட்டுக்கட்டுகிறாள் என்று இந்தப் பெண் எந்தக் காலையில் போட்டு உடைக்கப்போகிறாளோ என்று அவள் ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டே வேன் ஏறினாள். பயம் ஒரு பக்கம் இருந்தாலும் பொறாமை குறையவில்லை. இரண்டும் சேர்ந்து அவளைத் தூங்கவிடவில்லை.

இதற்கிடையில் நாடகத்திலேயே ஒரு புதியவள் வந்தாள். மாலிக்கு வேறு தாய் வயிற்றில் பிறந்த தங்கை, வடக்குச் சீமையில் வளர்ந்தவள். வேனில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். சின்னவளுக்குக் கை வேகம், வாய் இனிப்பு. ராணியம்மாவுக்கு அவள்மேல் ஒரு பிரியம் விழுந்துவிட்டது. பெர்னதெத் விடுவாளா? சின்னவளுக்கு முன்பல்லில் ஒரு சந்தை வைத்தாள். எதற்கெடுத்தாலும் நடுவில் புகுந்து பேசுகிற புத்தியை வைத்தாள். சின்னவள் முட்டிபோட்டு நகரும்போது இடுப்பு நோகிறதென்று மூஞ்சியைச் சுளித்ததாகவும், அதைப் பார்த்துச் சமையல் கட்டில் கிழவி ஒருத்தி, 'வந்துட்டா பாரு, வெறகு தூக்குன முதுகா இது' என்று முணுமுணுத்ததாகவும் சொன்னாள். திருநாவுக்கரசு ஓட்டிக்கொண்டே இருமினார். பின்னால் புனிதா முந்தானையால் வாயை மூடினாள்.

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது ஜோஆன்தான். சின்னவளுக்கும் என் பல்லுதானா ஆன்ட்டி என்று கேட்டு, சந்துப் பல் தெரியச் சிரித்தாள். ஒரு பெண்ணைக் குத்தினால் அவளுக்கு வலிக்கவேண்டும். வலிக்காமல் சிரிக்கிறவளை என்னதான் செய்வது? பெர்னதெத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சட்டியை ணங்கென்று வைத்தாள். ராயப்பன் அவர் வழக்கத்துக்கு மாறாக 'ம்'மோடு நிறுத்தவில்லை.

"அந்தப் புள்ள மேல என்னாத்துக்கு ஒனக்கு இவ்ளோ கடுப்பு? சின்னப் புள்ளலா அது."

"சின்னப் புள்ளதான். அவளுக்கு இன்னும் எத்தனையோ எடம் இருக்கு, போய் உக்காந்து பேச. எனக்கு இந்த வேன் ஒண்ணுதான்."

ராயப்பன் எழுந்துபோய் அவரே சோற்றைப் போட்டுக்கொண்டார்.

அந்த வாரத்து நாடகத்தில் அக்காளும் தங்கையும் படகேறி ஆற்றுத் திருவிழாவுக்குப் போனார்கள். படகு ஆடியது, இரண்டு பேரும் தண்ணீரில் விழுந்தார்கள், கழுத்தளவு தண்ணீர்தான், எழுந்து சிரித்துக்கொண்டே படித்துறைக்கு நடந்துவந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. பெர்னதெத் அதைப் போனில் பார்த்துவிட்டு விளக்கை அணைத்துப் படுத்தாள். படுத்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டாள்.

காலையில் அவள் மாலிக்குக் கட்டியது ஆரஞ்சுப் பட்டு, வியாழக்கிழமை அல்லவா. படகு நடு ஆற்றுக்குப் போனது என்றாள். அங்கே ஆழம், அடியே தெரியாது என்றாள். சின்னவள் தாமரையைப் பறிக்கிறேன் பேர்வழி என்று எக்கினாள், படகு கவிழ்ந்தது. மாலி எப்படியோ மூங்கில் ஒன்றைப் பிடித்துக் கரை ஏறிவிட்டாள். சின்னவள் முங்கி முங்கி எழுகிறாள். கரையில் எத்தனை பேர் நிற்கிறார்கள்! துடுப்புப் போடுகிறவள், குடை பிடிக்கிறவள், வேலைக்காரிகள், காவல்காரிகள், எல்லாருக்கும் நீச்சல் தெரியும். ஒருத்தியும் இறங்கவில்லை. ராஜ ரத்தம் ஓடுகிற உடம்பை இன்னொருத்தி கை தொடக்கூடாது. தொட்டால் தலை போய்விடும். அப்படிச் சட்டம். அதனால் எல்லாரும் தரையில் நெற்றி வைத்துக் கும்பிட்டுக்கொண்டு அழுதார்கள், சின்னவள் அவர்கள் கண் முன்னாலேயே தண்ணீருக்குள் போனாள். கடைசியில் அவளுடைய ஒரு கை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

மோகனா அழுதுகொண்டிருந்தாள். இத்தனை நாளில் இவ்வளவு நன்றாக பெர்னதெத் சொன்னதே இல்லை. பின்னாலிருந்து புனிதாவின் குரல் வந்தது.

"ஜோஆன், நெசமாவா? செத்துட்டாளா?"

எல்லாத் தலையும் திரும்பின. பெர்னதெத்தின் தலையும் திரும்பியது. ஜோஆன் அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் இன்னும் பாக்கல. ஆன்ட்டி சொன்னா சரிதான்," என்றாள் ஜோஆன்.

ரஹாங் சிக்னலில் திருநாவுக்கரசு சடாரென்று பிரேக் போட்டார். ஜோஆன் மடியிலிருந்த போன் வழுக்கி பெர்னதெத்தின் காலடியில் விழுந்தது. அவள் குனிந்து எடுத்தாள். திரையில் வெளிச்சம் வந்திருந்தது: படித்துறையில் இரண்டு இளவரசிகள் உட்கார்ந்து ஈரத் தலைமுடியைப் பிழிந்துகொண்டு சிரிக்கிறார்கள். ஜோஆன் போனை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

அன்று மோகனா இரண்டு வடை கொடுத்தாள். பெர்னதெத் இரண்டையும் அப்படியே பைக்குள் போட்டாள். அந்தப் பெண் எல்லார் முன்னாலும் உடைத்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம், ஆயுசுக்கும் பகை வைத்துக்கொண்டிருக்கலாம். போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாளே! அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க அவளுக்கு எப்படி மனசு வந்தது? தனக்கு ஏன் ஒருநாளும் வந்ததில்லை? கடைசியில் ஜோஆனின் அந்த நல்ல மனசின்மேலும் பெர்னதெத்துக்குப் பொறாமை வந்தது. அதுதான் எல்லாவற்றிலும் அதிகமாக எரிந்தது.

வெள்ளிக்கிழமை தாமான் முனையில் ஜோஆன் நிற்கவில்லை. அம்மாவுக்கு உடம்பு மோசம், லீவு போட்டிருக்கிறாள் என்று திருநாவுக்கரசு சொன்னார். மோகனா அடடா என்றாள். பெர்னதெத் பையை எடுத்துப் பக்கத்து இடத்தில் வைத்தாள். ஒழிந்தது என்று நினைத்தாள், நினைத்ததற்குக் கொஞ்சம் வெட்கப்பட்டாள், ஆனாலும் பை அங்கேயேதான் இருந்தது.

ஆனால் கதை நகரவில்லை. சின்னவள் செத்தாச்சு. இனி மாலி யாரோடு போட்டி போடுவாள்? எழுந்தாள், நீலப் பட்டு உடுத்தினாள், ஜாடியைத் திறந்தாள், துணியை அடுக்கினாள். நாடகத்திலோ சின்னவள் உயிரோடு ஆடிப் பாடிக்கொண்டிருந்தாள். அவள் வருகிற காட்சியை எல்லாம் பெர்னதெத் வெட்டித் தள்ளவேண்டியிருந்தது. வெட்டியது போக மிஞ்சியதில் ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் புனிதா கண்ணை மூடித் தலையைச் சாய்த்துவிட்டாள். இன்னொருத்தி போனில் சமையல் குறிப்பு பார்த்தாள். கேட்பதாக அவள் நினைத்திருந்தவர்கள் எல்லாரும், ஜோஆன் தலையாட்டுவாளா பிதுக்குவாளா என்று பார்க்கத்தான் விழித்திருந்தார்களோ என்று அவளுக்குத் தோன்றியது. சனிக்கிழமை அரைநாள் வேலைக்குப் போகும்போது வேனில் ரேடியோ போடச் சொன்னது வேறு யாருமில்லை, மோகனாதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பெர்னதெத் தாமானுக்கு நடந்தாள். நோயாளியைப் பார்க்கப் போகிறேன் என்று ராயப்பனிடம் சொன்னாள். அது பாதிப் பொய். ஜோஆன் அந்தப் படகு விஷயத்தை யாரிடமாவது சொல்லியிருக்கிறாளா, மோகனா ரேடியோ கேட்டதற்கு அதுதான் காரணமா என்று தெரிந்துகொள்ளவேண்டும். தெரியாவிட்டால் திங்கட்கிழமை வேன் ஏற முடியாது போலிருந்தது.

வீட்டுக் கம்பிக் கதவு சாத்தியிருந்தது. உள்கதவு திறந்திருந்தது. முன்னறையிலேயே கட்டில் போட்டு அம்மாவைப் படுக்கவைத்திருந்தார்கள். ஜோஆன் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அம்மாவின் கால்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். கூப்பிட வாயெடுத்த பெர்னதெத் அப்படியே நின்றாள்.

ஜோஆன் மாலியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். போனில் பார்த்த மாலி இல்லை. இது வேனில் வந்த மாலி. அந்த இழுப்பு, நடுவில் நிறுத்தி மூச்சு விடுகிறது, சமையல் கட்டுக் கிழவி முணுமுணுக்கும்போது வாயை ஒரு பக்கமாகக் கோணுகிறது, எல்லாம் பெர்னதெத். வாதம் இழுத்த முகத்தால் முழுதாகச் சிரிக்க முடியாத அந்த அம்மா ஒரு பாதியால் சிரித்தாள். பெர்னதெத்துக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். என் கதையை எடுத்து இங்கே இப்படி ஒரு கச்சேரியா! பிறகுதான் உறைத்தது. வேனில் ஏறியதிலிருந்து இந்தப் பெண் போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக் கேட்டது இதற்குத்தான். தினமும் சாயங்காலம் இந்தக் கட்டிலில் இன்னொரு ஆள் காத்திருந்து அவள் சொன்னதைக் கேட்டிருக்கிறாள்.

அம்மாவின் குரல் குழறியது. அந்தச் சின்னவள் நிஜமாகவே செத்துவிட்டாளா, வேறு மாதிரி ஏதும் இல்லையா என்று கேட்டாள். முன்னாலேயே பலமுறை கேட்டிருப்பாள் போல. ஜோஆன் அலுக்காமல் பதில் சொன்னாள்.

"ஆன்ட்டி அப்படித்தான் சொன்னாங்கம்மா. அது அவுங்க கதை. நான் மாத்தக்கூடாதுலா."

பெர்னதெத் கம்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஜோஆன் எண்ணெய்க் கையோடு எழுந்தாள். வாங்க என்பதற்குள் பெர்னதெத் பழப் பையைத் தரையில் வைத்துவிட்டுக் கட்டிலருகே போனாள்.

"சாகல," என்றாள். "அன்னைக்கு வேன் நின்னுடுச்சு, நான் முழுசா சொல்லல. கரையில ஒரு வேலக்காரி நின்னா. சட்டி கழுவுறவ. எல்லாரும் கும்புட்டுக்கிட்டு அழுவுறப்ப, அவ மட்டும் பொடவையைத் தூக்கிச் சொருவிக்கிட்டு குதிச்சிட்டா. சின்னவ முடியைப் புடிச்சுத் தரதரன்னு இழுத்துக் கரையில போட்டுட்டா."

அம்மாவின் நல்ல கை பெர்னதெத்தின் மணிக்கட்டைப் பிடித்தது.

"தொட்டுட்டாளா? தொட்டா தலை போயிடும்னு ஜோஆன் சொன்னாளே."

"போவும்னு தெரிஞ்சுதான் குதிச்சா."

ஜோஆன் நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் சந்துப் பல் தெரிந்தது.

"அப்புறம் ராஜா என்னா சொன்னாரு ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

பெர்னதெத் வாயைத் திறந்தாள். அந்த வேலைக்காரி எப்படி நடுங்கினாள், பல் கிட்டிக்கொண்டு என்ன வசவு வைதாள், ஈரப் புடவையை எப்படிப் பிழிந்தாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. ராஜாவுக்கு எதையாவது வைக்கலாம், இத்தனை நாளும் அப்படித்தான் வைத்தாள். வைக்க வரவில்லை. அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியாது. ராஜா வீட்டு ஆளுங்க பேசுறது எனக்கு ஒரு சொல்லும் புரியாதும்மா, வேலக்காரிங்க பேசுறது மட்டும்தான் புரியும். ராஜா சொன்னத நீ சொல்லு."

ஜோஆன் கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு ராஜாவின் குரலில் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். பெர்னதெத் கேட்டாள். என்னமாய்ச் சொல்கிறாள் பாவி என்று வயிறு எரிந்தது, ஆனாலும் முடிகிறவரைக்கும் எழுந்து போகவில்லை.